கூட்டு மனு: விளக்கம் அளித்தல் தொடர்பாக

ஐயா,
தங்கள் குறிப்பாணை செவ்வாயன்று
பென்னாகரம் தீயணைப்பு நிலையத்துக்கு வந்து சேர்ந்தது.
பதினோரு உறை, பதினோரு குறிப்பாணை.
வாசகம் எல்லாவற்றிலும் ஒன்றே,
பெயர் மட்டும் வேறு.
என்னுடையதில் திம்மராயன்
திம்மராஜன் ஆகியிருந்தான்.
இருந்தாலும் அது நான்தான். ஒப்புக்கொள்கிறேன்.

ஒரே தாளில் பதினோரு பேர்
கையெழுத்திட்டது விதிமீறல் என்கிறீர்கள்.
குறையிருந்தால் அவரவர் தனித்தனியே
உரிய வழியில் எழுதலாமே என்கிறீர்கள்.

எழுதினேன் ஐயா.
இரண்டு வருஷத்தில் மூன்று முறை.
முதலாவதற்குப் பதில் இல்லை.
இரண்டாவது பரிசீலனையில் உள்ளது.
மூன்றாவதை வாங்கிப்போன தபால்காரர்
பணி ஓய்வு பெற்று
மகள் வீட்டுக்கு ஓசூர் போய்விட்டார்.

கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை.
இருபத்து நான்கு மணி நேரத்தை
மூன்றாக உடைக்கச் சொன்னோம்.
மாதேஷின் இடது பூட்ஸ்
நடக்கும்போது வாயைத் திறக்கிறது.
மூச்சுக் கருவி இரண்டு இருக்கிறது,
ஒன்றில் காற்று நிற்பதில்லை.
இதையெல்லாம் பேச ஒரு மேசை,
மேசைக்கு அந்தப் பக்கம்
கேட்பதற்கு ஒரு ஆள்.
நாங்கள் நின்றுகொண்டே பேசுகிறோம்
என்றும் எழுதியிருந்தோம்.

கடைசி வரி சையத் பாஷா சேர்த்தது:
'நாடு முழுமைக்கும் ஒரே விதி வேண்டும்.'
அது கொஞ்சம் அதிகப்பிரசங்கம் என்று
நானே சொன்னேன்.
அவர் ஒகேனக்கலை ஞாபகப்படுத்தினார்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள்
நடு ஆற்றுப் பாறையில் ஒருவன் சிக்கியிருந்தான்.
இந்தக் கரையில் நாங்கள்,
அந்தக் கரையில் கர்நாடகத்துக்காரர்கள்,
நடுவே ஒரே கயிறு.
பாதி இழுவையில் பாஷா கத்திக் கேட்டார்,
உங்களுக்கு எத்தனை மணி நேரம் டூட்டி,
குறையென்றால் யாரிடம் சொல்வீர்கள் என்று.
எதிர்க்கரை ஆள் ஏதோ சொன்னான்.
அருவிச் சத்தத்தில் விழவில்லை.
சிரித்தது மட்டும் தெரிந்தது.
நம் சிரிப்பு மாதிரியேதான் இருந்தது ஐயா.

இந்த இடத்தில் மணி அடித்தது.
மேலே உள்ள மைக்கறைக்கு மன்னிக்கவும்.

ஏரியூர் தாண்டி, புளியந்தோப்புக் கிணறு.
எழுபது அடி.
மோட்டார் பார்க்க இறங்கிய ரத்னம்மா
குரல் கொடுக்கவில்லை.
காற்று நிற்கிற கருவியை மாட்டிக்கொண்டு
அருள்தாஸ் இறங்கினார்.
மேலே கயிற்றில் நாங்கள் ஆறு பேர்,
பிறகு பால் வண்டிக்காரர்,
பிறகு ரத்னம்மாவின் மகன், பள்ளிச் சீருடையில்.
ஒன்று, இரண்டு என்று யாரோ எண்ணினார்கள்.
யார் என்று தெரியவில்லை.
எல்லோர் வாயும் அசைந்தது.

எந்தக் கை எவ்வளவு இழுத்தது என்று
தனித்தனியே பிரித்துச் சொல்ல
என்னால் இயலவில்லை.
தேவையெனில் விசாரணை வைக்கலாம்.
கயிறு ஈரமாக இருக்கிறது,
நிலையத்துக் கொடியில் காயப்போட்டிருக்கிறோம்.
ரத்னம்மா இருமினாள்.
அதன் பிறகு எங்களைத் திட்டினாள்,
மோட்டாரை ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று.

தாங்கள் கோரியபடி இந்த விளக்கத்தில்
நான் ஒருவன் மட்டுமே கையொப்பமிடுகிறேன்.
எழுத்து நடுங்கியிருப்பது கயிற்றால்.
பயத்தால் அல்ல.
கொஞ்சம் பயத்தாலும்தான்,
பெரியவளுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டும்.

மற்றவர்களும் அவரவர் விளக்கத்தை
அவரவர் தாளில், தனித்தனியே,
விதிப்படி எழுதுவார்கள்.
நிலையத்தில் எழுதுகிற பேனா ஒன்றுதான் இருக்கிறது.
நான் முடிப்பதற்காக
எதிர் பெஞ்சில்
வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
திம்மராயன்
(ராஜன் அல்ல)